பாட்டு வீடியோவுக்குக் கேமரா வாங்கும் முன் வீட்டு டியூப் லைட்டைப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு, இப்போது வாரத்துக்கு ஒருவராவது வேறு ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "அண்ணா, வீட்லயே பாட்டு வீடியோ எடுக்கோணும். கம்மி விலைல நல்ல கேமரா ஒண்ணு சொல்லுங்க." எம்.எஸ்.வி. பிறந்த எலப்புள்ளி ஒரு பக்கம், கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பெயரிலேயே பாலக்காட்டில் ஓர் இசைக் கல்லூரி. பாடுகிற பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. அவர்கள் காசு வீணாகப் போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆடி மாசம் ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். தவணையில் எடுத்த புதுக் கேமரா, இரண்டு லென்ஸ், பை, தனியாக வாங்கிய மைக் எல்லாம் மேசைமேல் பரப்பினார்கள். தங்கை பாடிய முருகன் பாட்டை வீட்டு முன் அறையில் படம் பிடித்திருந்தார்கள். ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகத்தின் மேல் மங்கலான கருப்புப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக ஏறிப் போய்க்கொண்டே இருந்தன. பக்கவாட்டிலிருந்து போனில் எடுத்த இன்னொரு ஷாட், பல்லவியில் சரியாக இருந்து, கடைசிச் சரணம் வருவதற்குள் உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கமாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, "இந்த மைக்க எங்கீங்கண்ணா மாட்டறது?" என்று கேட்டாள். அந்தக் கேமராவில் மைக் மாட்ட இடமே இல்லை.

கேமரா பழுதா என்று அண்ணன் கேட்டான். பழுது எதுவும் இல்லை. வாங்கும்போது இருபத்து நான்கு மெகாபிக்சல் என்பதை மட்டும்தான் அவனுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஃபுல் எச்டி வீடியோவின் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது அடுத்தடுத்து ஓடும் படங்களில் ஒன்றுக்கு, வேண்டியது சுமார் 2 மெகாபிக்சல். 4கே என்றாலும் 8 சொச்சம்தான். போட்டோவைப் பெரிதாக அச்சுப் போடத்தான் அந்த இருபத்து நான்கு உதவும். வீடியோவுக்குக் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு.

முதல் கேள்வி அந்தப் பட்டைகளைப் பற்றியது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம், நொடியில் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் முழு ஏற்ற இறக்கங்கள் கணக்காக விழுந்து, வெளிச்சம் சமமாகிவிடும். 1/60 என்று இருந்தால் கணக்கு இடிக்கும், பட்டை ஓடும். அந்தப் பிள்ளைகளின் கேமரா, 60 ஹெர்ட்ஸ் மின்சார நாடுகளுக்கான 'என்டிஎஸ்சி' அமைப்பில் இருந்தது, ஷட்டர் 1/60. மெனுவில் நம் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற 'பால்' (PAL) என்று மாற்றி, நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வைத்து என் கடை டியூப் லைட்டுக்குக் கீழேயே எடுத்துக் காட்டினேன். பட்டை இல்லை. ஆகவே கடையில் விலை கேட்பதற்கு முன்னால், வீடியோ எடுக்கும்போது ஷட்டரை நாமே ஒரே அளவில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அங்கேயே டியூப் லைட்டைப் பார்த்து ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்கள். சில எல்இடி பல்புகள் எதற்கும் மசியாது. அப்போது பல்பைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது மைக் ஜாக். கேனான் 1500டி, நிக்கான் டி3500 இரண்டும் போட்டோவுக்கு நல்ல கேமராக்கள், ஆனால் வெளி மைக் மாட்டும் ஜாக் இரண்டிலும் இல்லை. இது எல்லோருக்கும் குறையாகாது. பாட்டை முன்பே ரெக்கார்டு செய்துவிட்டு, அதை ஓடவிட்டு வாயசைத்து எடுப்பவர்களுக்குக் கேமராவின் சொந்த மைக்கே போதும். எடிட்டிங்கில் பொருத்திப் பார்க்க ஓர் அடையாளச் சத்தம்தான் வேண்டும். கேமரா முன்னால் நேரடியாகப் பாடுவதாக இருந்தால் மட்டும் ஜாக் இல்லாததை வாங்காதீர்கள்.

வாயசைப்பு என்றதும் ஒன்று. உதட்டை மட்டும் அசைக்கச் சொல்லாதீர்கள். சத்தமாகவே பாடச் சொல்லுங்கள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கழுத்து நரம்பு புடைப்பதும், வரி முடிந்து மூச்சு வாங்கும்போது தோள் லேசாக எழும்புவதும் நிஜமாகப் பாடினால்தான் வரும். அது இல்லாவிட்டால் எந்தக் கேமராவில் எடுத்தாலும் பொய் என்று தெரிந்துவிடும். அப்புறம், ஸ்பீக்கரைப் பாடுபவருக்கும் கேமராவுக்கும் பக்கத்தில் வையுங்கள். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். வயல் வரப்பில் பதினான்கு மீட்டர் தள்ளிக் கேமராவை வைத்தால், அங்கே பதிவாகும் சத்தம் ஏறக்குறைய ஒரு ஃப்ரேம் பிந்திவிடும்.

போன் ஷாட் விலகியதற்குக் காரணம் வேறு. பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் எண்ணிக்கையைத் தாங்களாகவே கூட்டிக் குறைக்கும். பத்து நொடி ரீல்ஸில் தெரியாது, நாலு நிமிஷப் பாட்டில் தெரியும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு ஃப்ரேம் வேகத்தை நிலையாக்கிய பிறகு எடிட் செய்யுங்கள். சொல்லப்போனால், இரண்டு மூன்று வருஷத்துக்குள் வாங்கிய சுமாரான போன் கையில் இருந்தால் முதல் நாலைந்து பாட்டை அதிலேயே எடுங்கள் என்றுதான் சொல்வேன். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஆளைச் சன்னல் ஓரம் உட்கார வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். கையில் இருக்கும் காசு நல்ல டிரைபாடுக்கும் மைக்குக்கும் போகட்டும்.

சரி, கேமராதான் வேண்டும் என்பவர்களுக்கு: பழையது வாங்கத் தயங்க வேண்டாம். 2017-ல் வந்த கேனான் 200டி என் முதல் தேர்வு. 4கே கிடையாது, ஆனால் மைக் ஜாக், திருப்பிப் பார்க்கும் திரை, நடமாடும் முகத்தை விடாமல் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் மூன்றும் உண்டு. 4கே கட்டாயம் என்றால் 2015-ல் வந்த பானாசோனிக் ஜி7. ஆட்டோஃபோகஸ் அவ்வளவு நம்பிக்கை இல்லை, உட்கார்ந்து பாடுபவருக்குக் குறையில்லை. கேனான் எம்50-ல் 4கே போட்டால் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு அறை இன்னும் சிறுத்துவிடும். இன்னும் கொஞ்சம் கை நீளுமென்றால் சோனி இசட்வி-இ10. கேமராவுக்குள் அதிர்வுத் தடுப்பு இல்லாததால் டிரைபாடு இல்லாமல் எடுக்காதீர்கள். 50 எம்எம் லென்ஸை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். பத்துக்குப் பத்து அறையில் இந்தக் கேமராக்களில் அதை மாட்டினால் ஆளை முழுதாகக் காட்டப் பின்னால் போய்ப் போய், எடுப்பவர் முதுகு சுவரில் முட்டும். கேனானுக்கு இன்னும் அகலமாகக் காட்டும் 24 எம்எம் வாங்குங்கள்.

பழைய லென்ஸில் பார்க்கவேண்டியது பூஞ்சணம். நம் பக்கம் மழை குறைவு. திருச்சூர், கொச்சி ஈரத்தில் வருஷக்கணக்காகப் பையிலேயே கிடந்த லென்ஸ்தான் பெரும்பாலும் இங்கே விற்பனைக்கு வருகிறது. மூடிகளைக் கழற்றி, போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து, முன்கண்ணாடி வழியே சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். தூசி நாலைந்து புள்ளி இருந்தால் கவலையில்லை. வாங்கியதை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

வெளியே எடுப்பவர்களுக்கு நம் ஊரில் இன்னொரு தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வரும் காற்றில் மைக் பாட்டையே கேட்காது, இரைச்சல்தான் பதிவாகும். மைக்குக்கு ரோமம் வைத்த உறை விலை அதிகமில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். டிரைபாடின் நடுக் கொக்கியில் ஒரு மணல் பையைத் தொங்கவிடுங்கள்.

அந்த அண்ணன் தங்கை கேமராவை மாற்றவில்லை. மைக்கை ஒரு போனில் மாட்டிக் குரலைத் தனியாகப் பதிகிறார்கள். ஒவ்வொரு டேக் தொடங்கும்போதும் அவள் கேமராவைப் பார்த்து ஒரு தடவை கை தட்டுகிறாள். அந்தத் தட்டலை வைத்து அவன் இரண்டையும் பொருத்துகிறான். பழைய கேமரா எதற்காவது நீங்கள் விலை பேசிக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் கடைக்கு எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை. முகூர்த்த நாளில் மட்டும் வராதீர்கள், கடையில் இருக்க மாட்டேன்.