போக எட்டு மணி, வர ஏழு மணி: அந்த ஒரு மணி நேரம் எங்கே?

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். போவதற்குச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும். திரும்பி வர ஏழு மணி நேரம் போதும். தூரமோ ஒன்றுதான்.

பூமி சுழல்வதுதான் காரணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் மேற்கே போகும்போதுதான் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். பூமி கிழக்காகச் சுழல்வதால் நியூயார்க்கே நம்மை நோக்கி வருமே! நடப்பது நேர்மாறு. பூமியோடு சேர்ந்து காற்றுமண்டலமும் சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது.

முதலில் அந்த 5,540. சுவரில் மாட்டிய வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் இந்தக் கணக்கு வராது. ஒரு உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் அயர்லாந்தைத் தாண்டி வடக்கே வளைந்து, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கமாக இறங்கும். உருண்டையின் மேல் அதுவே குறுக்குவழி; பெயர் பெருவட்டப் பாதை.

இனி காற்று. தரைக்குமேல் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது: ஜெட் காற்றோட்டம். வெப்பமண்டலச் சூடும் துருவக் குளிரும் சந்திக்கும் இடத்தில் இது பிறக்கிறது. வடக்கே நகரும் காற்றைக் கிழக்காகத் திருப்பிவிடுவது பூமியின் சுழற்சி. அந்த அளவில் சுழற்சிக்கும் பங்குண்டு. குளிர்காலத்தில் இதன் வேகம் கூடும்.

ஜப்பானின் வானிலை ஆய்வாளர் வாசாபுரோ ஓய்ஷி 1920-களிலேயே பலூன் பறக்கவிட்டு இதை அளந்துவிட்டார். உலகமெல்லாம் படிக்கட்டும் என்று 1926-இல், உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். கவனித்தவர்கள் மிகக் குறைவு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானிகள் இந்தக் காற்றில் சிக்கித் திணறினார்கள். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

ஏறி இறங்கும் நேரத்தையெல்லாம் விட்டுவிட்டு, உதாரணத்துக்கு ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், காற்றின் வேகம் 150 என்று வையுங்கள். காற்று தள்ளிவிட்டால் தரைவேகம் 1,050. பயணம் 5 மணி 17 நிமிடம். எதிர்த்தால் 750, 7 மணி 23 நிமிடம். இன்னொன்றையும் கவனியுங்கள். போகவர மொத்தம் 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 19 நிமிடம்தான். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால், இழந்ததை வரும் வழியில் முழுசாக மீட்க முடிவதில்லை.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. உச்சத்தில் தரைவேகம் மணிக்கு சுமார் 1,300 கிலோமீட்டர். ஆனாலும் ஒலியை அது மிஞ்சவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றில் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. காற்றே அதைச் சுமந்து ஓடியது.

அதனால்தான் அட்லாண்டிக்கின் வான்தடங்களைக் கனடாவின் கேண்டரிலும் இக்கரையில் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலும் உள்ள கட்டுப்பாட்டு மையங்கள் தினமும் புதிதாக வரைகின்றன. இரவில் கிழக்கே வருகிறவர்களுக்குக் காற்றின் போக்கிலேயே தடம். பகலில் மேற்கே போகிறவர்களுக்கு அதிலிருந்து ஒதுங்கிய தடம், நூல் காட்டிய பாதையைவிடக் கொஞ்சம் சுற்றாக இருந்தாலும்.