கயிறு நனைந்த கிணறு

நிலத்தடி நீர் பார்க்கப் போகும்போது என் பையில் ஒரு கயிறும் இருக்கும். அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு கல். சில வருடங்களுக்கு முன்பு வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கத்தில் ஓர் அக்காவின் கிணற்றில் அதை இறக்கினேன். கல் அடிப்பாறையில் ‘டக்’கென்று தட்டியது. “மோட்டார் வெறும் காத்துதான் இழுக்குது சார்” என்றார். போன தை மாதம் அதே கிணற்றில் பதினெட்டாவது முடிச்சிலேயே கயிறு நனைந்துவிட்டது. அந்த அக்கா கயிற்றை வாங்கி, ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பக்கத்தில் ஓடும் நாகநதிதான் காரணம். பல வருடம் வறண்டு கிடந்த ஆறு. 2014 முதல் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களே அதன் படுகையில் குழி தோண்டி வட்டமான சிமெண்ட் உறை இறக்கினார்கள், ஓடைகளின் குறுக்கே கல் தடுப்பு போட்டார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரே வானொலியில் இதைப் பாராட்டிப் பேசினார்.

நம் மாவட்டத்தில் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளிலும், மேலே உள்ள சிதைந்த பாறையிலும்தான் தண்ணீர் தங்கும். மழை பெய்தால் ஓடை சீக்கிரமே வடிந்துவிடும். கல் தடுப்பு அந்த ஓட்டத்தை மெதுவாக்குகிறது. உறைக்கிணறு களிமண்ணைத் தாண்டி நீரைக் கீழே இறக்குகிறது. அவ்வளவுதான் நுட்பம்.

ஆனால் வண்டல் படிந்தால் எல்லாம் அடைத்துக்கொள்ளும். ஓர் ஊரில் தோண்டியதோடு கிளம்பி வந்துவிட்டேன். தூர்வார யாரையும் பழக்கவில்லை. மூன்றாவது மழைக்குள் உறை முழுக்கச் சேறு. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இப்போது ஒவ்வொரு கோடையிலும் தூர்வார ஆள் முடிவான பிறகே வேலை தொடங்குகிறேன். சாக்கடை நீரை உறைக்குள் விடவே கூடாது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் என்றால் முதலில் தண்ணீரைச் சோதிக்கச் சொல்வேன். தோல் ஆலைக் கழிவின் உப்பு அங்கே மண்ணிலேயே ஊறியிருக்கிறது. பாலாற்றைக் கெடுத்தவர்களிடமே இழப்பீட்டை வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று சொன்னது எங்களுக்குப் பெரிய தெம்பு.

சரி, உங்கள் வீட்டில் கிணறு இருந்தால் சித்திரையில் ஒருமுறை, தையில் ஒருமுறை கயிறு விட்டுப் பாருங்கள். எத்தனை முடிச்சு என்று சுவரில் தேதியோடு எழுதிவையுங்கள். அந்த அக்கா வீட்டு மோட்டார் அறைச் சுவரில் இப்போது கரிக்கட்டியால் எழுதிய ஐந்து வரிகள் இருக்கின்றன.