‘முன்னுயிரி’ உயிரியே அன்று: ப்ரீபயாடிக் என்பதற்குத் தமிழ்ச்சொல் எது?

குடல்நலத்தைப் பற்றித் தமிழில் வெளிவரும் குறிப்புகளில் ‘முன்னுயிரி’ என்றொரு சொல் தொடர்ந்து கண்ணில் படுகிறது. ப்ரீபயாடிக் என்பதற்கு நிகராக அதைக் கையாள்கிறார்கள். ஊட்டச்சத்து முகாம் ஒன்றில் வழங்கப்பட்ட துண்டறிக்கையில், ‘முன்னுயிரிகளை நாள்தோறும் உட்கொண்டால் அவை குடலில் பெருகித் தீய கிருமிகளை வெளியேற்றும்’ என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்த பிறகு, இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ப்ரீபயாடிக் குடலில் பெருகாது. ஏனெனில் அதற்கு உயிரே கிடையாது. நாம் உண்ணும் உணவில் சிறுகுடலால் செரிக்க இயலாமல் பெருங்குடலுக்குப் போய்ச்சேரும் சில மாவுப்பொருள்களும் நார்ப்பொருள்களும்தாம் பெரும்பாலும் அந்தப் பெயரால் குறிக்கப்படுகின்றன. அங்கே வாழும் நுண்ணுயிர்களுக்கு அவை உணவு. உண்ணப்படும் பொருளுக்கு உண்ணும் உயிரின் பெயரைச் சூட்டியதால் வந்த குழப்பம் இது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘பயோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு வாழ்வு, உயிர் என்று பொருள். ‘ப்ரோ’ என்பது சார்பாக என்றும் ‘ப்ரீ’ என்பது முன் என்றும் பொருள்படும் முன்னொட்டுகள். புரோபயாடிக் என்ற சொல் இன்றைய பொருளுக்கு வந்து சேர்வதற்குள் பலவாறு மாறியது. 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த வல்லுநர் குழு, போதிய அளவில் கொடுக்கப்படும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்று அதை வரையறுத்தது. ப்ரீபயாடிக் அதற்கு இளைய சொல். 1995-இல் கிளென் கிப்சன், மார்செல் ராபர்ஃப்ராய்டு ஆகிய இரு ஆய்வாளர்களும், முன்னதன் ஓசையை ஒட்டியே, முன்னொட்டை மட்டும் மாற்றி அதைப் படைத்தனர். 2017-இல் திருத்தப்பட்ட வரையறையின்படி, உடலில் வாழும் நுண்ணுயிர்கள் தேர்ந்து பயன்படுத்திக்கொள்ளும், அதன் வழியாக உடலுக்கு நன்மை தரும் பொருளே ப்ரீபயாடிக். இந்த வரையறையில் ‘முன்’ என்ற கருத்துக்கு இடமே இல்லை.

இதே ஆங்கிலச் சொல் வேறொரு துறையில் வேறு பொருளில் வழங்குகிறது. புவியில் உயிர் தோன்றுவதற்கு முந்திய வேதியியலை ஆராய்வோர், 1953-இல் ஸ்டான்லி மில்லர் மின்பொறியால் அமினோ அமிலங்களை உருவாக்கிக் காட்டிய ஆய்வைப் போன்றவற்றைப் பேசும்போது இதே சொல்லை ஆள்கிறார்கள். அங்கே ‘முன்’ என்பது முழுப்பொருளோடு நிற்கிறது. ‘உயிர்தோன்றலுக்கு முந்திய’ என்று நாம் சொன்னால் தவறே இல்லை. உணவியலில் அது வெறும் ஓசைத்துணை. மொழிபெயர்ப்பாளர் முதலில் பிரித்தறிந்திருக்க வேண்டியது இதைத்தான்.

‘முன்னுயிரி’யை ஆதரிப்போர் இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல்லும் தன்னளவில் பொருள் விளக்குவதில்லை, ஆகவே தமிழ்ச்சொல் மட்டும் விளக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அன்று என்பது ஒன்று. புரோபயாடிக், ப்ரீபயாடிக், ஆன்டிபயாடிக் என ஓரினமாக வரும் சொற்களுக்குத் தமிழிலும் ஓரினமான வடிவம் வேண்டும் என்பது மற்றொன்று.

முதற்காரணத்துக்கு விடை தமிழ்ச்சொல்லின் கடைசி எழுத்திலேயே இருக்கிறது. ஆங்கில ஈறு உயிர் தொடர்பான என்று பொருள்படும் அடைமொழி ஈறு. அது ஓர் உயிரினத்தைச் சுட்டுவதில்லை. தமிழில் ‘உயிரி’ என்பது உயிருடைய ஒன்றைச் சுட்டும் பெயர். நுண்ணுயிரி, ஒருசெல் உயிரி, நீர்வாழ் உயிரி என்று பள்ளிப் பாடநூலில் படித்து வளர்ந்த ஒருவர் ‘முன்னுயிரி’யைக் கண்டால், முன்னோர், முன்னோடி என்ற வரிசையில் வைத்து, ஏதோ முற்காலத்து உயிரினம் என்றோ, முதலில் குடலுக்குள் செலுத்த வேண்டிய பாக்டீரியா என்றோதான் எண்ணுவார். ஆங்கிலச் சொல் பொருளைச் சொல்லாமல் விடுகிறது. தமிழாக்கமோ தவறான பொருளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அந்தத் துண்டறிக்கையை எழுதியவர் ‘பெருகி’ என்று எழுதியதற்கு அவருடைய அறியாமை காரணம் என்று நான் நினைக்கவில்லை. உயிரி என்ற சொல்லை நம்பினார், உயிரி பெருகும் என்பதால் அப்படி எழுதினார்.

இரண்டாம் காரணத்தை மறுக்க ஆன்டிபயாடிக் என்பதற்கு நாம் ஏற்கெனவே கண்ட சொல்லே போதும். அதை யாரும் ‘எதிருயிரி’ என்று நிலைநாட்டவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி என்றோ நுண்ணுயிர் எதிர்ப்பி என்றோதான் வழங்குகிறோம். அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயரிட்டதால், அச்சொற்கள் மருந்துக்கடையிலும் பாடநூலிலும் ஒன்றுபோல நிற்கின்றன. முன்னொட்டுக்கு முன்னொட்டு வைத்துப் பெயர்க்கும் பழக்கம் சில இடங்களில் பொருந்தும். நீரிழிவுக்கு முந்திய நிலையை ‘முன்னீரிழிவு’ என்பது பொருந்துகிறது, ஏனெனில் அது உண்மையிலேயே ஒரு முந்திய நிலை. பொருந்துகிறதா என்று பாராமல் எல்லா ‘ப்ரீ’க்கும் ‘முன்’ வைப்பது பட்டியலைப் பார்த்து நிரப்பும் வேலை. இப்போது நலவாழ்வுக் கட்டுரைகள் பலவும் அப்படித்தான் தமிழாகின்றன. அவற்றைப் பெயர்ப்பவர்கள் வரையறையைப் படிக்கிறார்கள் என்பதற்கு எந்த அடையாளமும் தெரிவதில்லை.

இது ஏட்டளவில் நிற்கும் வழக்கு அன்று. என் அத்தை அந்தத் துண்டறிக்கையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “இந்த முன்னுயிரி மாத்திரை எந்தக் கடையில கெடைக்கும்ப்பா? வெலை கூடுதலா இருக்குமோ?” என்று கேட்டார். அவருடைய கூடையில் அப்போது சின்ன வெங்காயமும் பூண்டும் வாழைக்காயும் இருந்தன. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் ஃப்ரக்டான் என்னும் சர்க்கரைத் தொடர்களும், வாழைக்காயில் இருக்கும் எளிதில் செரிக்காத மாவுப்பொருளும், பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் இருந்து வயிற்றில் வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளும் பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதிக்கப்படுகின்றன. அந்த நொதிப்பில் அசிட்டேட், புரோப்பியோனேட், ப்யூட்டிரேட் எனும் குறுந்தொடர்க் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை ப்யூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. குடல்நலம் உடல்நலத்தைத் தாங்குகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் ஒரு திட்டமான வழி இது. சமையற்கட்டில் கிடப்பதை மாத்திரையாகத் தேட வைத்தது அந்த ஒரு சொல்.

ப்ரீபயாடிக் உயிரி அன்று, நுண்ணுயிருக்கு உணவு என்பதற்குத் தாய்ப்பாலைவிடச் சிறந்த சான்று இல்லை. லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் மிகுதியாக உள்ள திடப்பொருள், குழந்தையால் செரிக்கவே இயலாத ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். அவை குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. பிள்ளைக்கு ஊட்டும் பாலிலேயே அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் பங்கு இருக்கிறது என்பதை அறிந்த எவரும் அந்தச் சர்க்கரையை ‘உயிரி’ என்று அழைக்கத் துணியமாட்டார்.

ஆகவே ப்ரீபயாடிக் என்பதற்கு ‘நுண்ணுயிர்த்தீனி’ என்று சொல்வதே தகும் என்பது என் கருத்து. கோழித்தீனி, மாட்டுத்தீனி என்று நாட்டுப்புறத்தில் நாளும் வழங்கும் வடிவம் இது; தீனி யாருக்கு என்பதில் எவருக்கும் ஐயம் வராது. ‘நுண்ணுயிரூட்டம்’ என்றும் சிலர் சொல்லக்கூடும். அதில் நுண்ணுயிருக்கு ஊட்டமா, நுண்ணுயிரால் ஊட்டமா என்ற மயக்கம் இருக்கிறது. தீனி என்ற சொல் அறிவியலுக்குத் தாழ்வானது என்று தயங்குவோர், கோழிப்பண்ணை அறிவியலும் அறிவியல்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ‘நார்ச்சத்து’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடவும் கூடாது. எல்லா நார்ச்சத்தும் நுண்ணுயிர்த்தீனி ஆவதில்லை. நுண்ணுயிர்கள் தேர்ந்து உண்பது எதுவோ அது மட்டுமே ஆகும்.

புரோபயாடிக் என்பதற்கு வழங்கும் தமிழாக்கங்களும் சீராக இல்லை. ‘நல்ல கிருமி’ என்பது என்னால் ஏற்க முடியாதது. கிருமி என்ற வடசொல்லுக்குப் புழு என்பதே முதற்பொருள். இன்றைய தமிழில் அது நோயைத் தருவது என்ற பொருளில் உறைந்துவிட்டது. ‘நன்னுயிரி’ என்று எழுதுவோர் புணர்ச்சியில் பிழைபடுகிறார்கள். நல் என்பதோடு நூல் சேர்ந்தால் நன்னூல், நீர் சேர்ந்தால் நன்னீர். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் சேர்ந்தால் நல்லுறவு, நல்லுணர்வு என்றுதான் வரும். எனவே ‘நல்லுயிரி’ என்பதே முறை. இங்கே உயிரி என்ற ஈறு தன் இடத்தில் சரியாக அமர்கிறது, ஏனெனில் உயிரோடு இருப்பதே இதன் முதல் நிபந்தனை.

அந்த நிபந்தனையை மறப்பதால்தான் இட்லியைப் புரோபயாடிக் உணவு என்று எழுதுகிறார்கள். புளித்த மாவில் லூகோனோஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கின்றன. அவை வெளியிடும் கரியமில வாயுவே மாவைப் பொங்கவைக்கிறது. இட்லிப் பானையின் நீராவியில் அவை மடிந்துவிடுகின்றன. இட்லி நல்ல உணவு, ஆனால் நல்லுயிரி உணவு அன்று. மோர் அப்படியன்று, உறையிலிருந்த உயிர்கள் அதில் உயிரோடே இருக்கின்றன. ஒரு சிறு துளி முழுப்பாலையும் மாற்றிவிடும் என்பதைத் தமிழர் மிக முன்பே கண்டிருந்தனர். புறநானூற்றின் 276-ஆம் பாடல், ஆய்மகள் நகத்தால் தெறித்த ‘குடப்பால் சில்லுறை’ போலத் தனியொரு வீரன் பகைப்படை முழுவதையும் குலைத்தான் என்கிறது. எனினும் வீட்டு மோரையும் நல்லுயிரி என்று முத்திரையிட நான் அவசரப்படமாட்டேன். இன்ன இனம், இந்த அளவு, இந்த நன்மை என்று சோதித்து நிறுவப்பட்டதற்கே அப்பெயர் உரியது. மோரில் அவை எவையென்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த வரிசையில் அடுத்த சொல்லும் வந்துவிட்டது. 2021-இல் வல்லுநர் குழு ஒன்று போஸ்ட்பயாடிக் என்பதை, உடலுக்கு நன்மை தரும் உயிரற்ற நுண்ணுயிர்களாலோ அவற்றின் கூறுகளாலோ ஆன தயாரிப்பு என்று வரையறுத்தது. அதற்குப் ‘பின்னுயிரி’ என்று எழுதிவிட அதிக நாள் ஆகாது. வரையறையின் முதல் தேவையே உயிர் நீங்கியிருக்க வேண்டும் என்பதாக இருக்கையில், அதையும் உயிரி என்பது முன்னதைவிடப் பெரும்பிழை ஆகும். செறிவான சொல் அமையும்வரை ‘உயிர்நீத்த நுண்ணுயிர்ப் பொருள்’ என்று விரித்தே எழுதலாம். நீளமாக இருந்தாலும் அதைப் படிப்பவர் எதை உண்கிறோம் என்று அறிந்து உண்பார்.