சோறு ஏன் நெஞ்சோடு நின்றுவிடுகிறது?

விழுங்கிய இட்லி நெஞ்சுக்குழிக்கு மேலேயே நின்றுவிடுகிறது. ஒரு மடக்குத் தண்ணீர், இன்னொரு மடக்கு. எழுந்து முதுகை நிமிர்த்தினால் மெல்ல இறங்குகிறது. இரவில் படுத்தால், மாலையில் சாப்பிட்டது தலையணைக்கு வந்துவிடுகிறது, பெரும்பாலும் புளிப்பே இல்லாமல். இரைப்பை வரை போய்த் திரும்பியிருந்தால் அமிலம் கலந்து புளித்திருக்கும். இது அங்கே போகவே இல்லை. ‘கேஸ்’, ‘அல்சர்’ என்று மாத்திரை போட்டே பலருக்கு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. நோயின் பெயர் அகலேசியா. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குப் புதிதாக வருகிறது.

உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத்தசை, விழுங்காத நேரமெல்லாம் இறுகித்தான் இருக்கும். நெகிழ்வதற்குத்தான் அதற்கு உத்தரவு வேண்டும். குழாயின் சுவருக்குள் பின்னிக் கிடக்கும் நரம்பு செல்களில் ஒரு வகை, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து அந்த உத்தரவைத் தருகிறது. அகலேசியாவில் செத்துப்போவது இந்த செல்கள். இறுக்கச் சொல்லும் செல்கள் பெருமளவு பிழைத்திருக்க, நெகிழச் சொல்ல ஆளில்லாமல் போகிறது.

கொன்றது யார்? நோயாளிகளின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், நரம்புப் பின்னலைச் சுற்றி டி செல்கள் மொய்த்திருக்கின்றன. உடலைக் காக்க வேண்டிய காவல் படையே அவை. உதட்டோரம் கொப்புளம் வரவழைக்கும் ஹெர்பீஸ் வைரஸ் மீது சந்தேகம் உண்டு: வைரஸை விரட்டக் கிளம்பிய படை, அது பதுங்கும் நரம்பையும் சேர்த்து அழித்திருக்கலாம். ஆனால் அந்த வைரஸ் உலகில் கோடிக்கணக்கானோரிடம் இருக்கிறது. அத்தனை பேருக்குமா சோறு அடைக்கிறது?

இங்கேதான் மரபணு வருகிறது. எது அந்நியம் என்று டி செல்களுக்கு எடுத்துக் காட்டுவது ஹெச்.எல்.ஏ. புரதங்களின் வேலை. 2014இல் ஐரோப்பிய நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு, ஹெச்.எல்.ஏ.-டி.கியூ. புரதமொன்றில் எட்டு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருந்தால் நோய்க்கான வாய்ப்பு கூடுவதைக் கண்டது. வாய்ப்புதான், விதியல்ல, அந்தச் செருகல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

ஒற்றை மரபணுவே காரணமாவதும் உண்டு. ஆல்குரோவ் நோய்க்குறியில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஏ.ஏ.ஏ.எஸ். மரபணுவைப் பெற்ற குழந்தைக்கு அகலேசியா வரும். அட்ரீனல் சுரப்பி தளரும். அழுதால் கண்ணீர் வராது.

1674இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டிக் கொடுத்து, உணவைக் குத்தித் தள்ளச் சொன்னார். நோயாளி அப்படியே பல ஆண்டுகள் சாப்பிட்டார். இன்று பலூனால் விரிக்கிறார்கள். அல்லது 1913இல் எர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்ததுபோலத் தசையை வெட்டிவிடுகிறார்கள். இப்போது வாய்வழி எண்டோஸ்கோப்பி மூலமே வெட்ட முடிகிறது. கருவி எத்தனையோ நயமாகிவிட்டது, ஆனால் வேலை வில்லிஸ் செய்ததுதான்: கதவை வலிந்து திறப்பது. செத்த செல்கள் திரும்புவதில்லை. அதனால் சிகிச்சைக்குப் பிறகும் உணவு பெரும்பாலும் தன் எடையால்தான் இறங்குகிறது. இரவுச் சாப்பாட்டை முடித்தவர் உடனே படுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.