பொறுமைக் கதையை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடாதீர்கள்

"சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டேங்கிறான்" என்று ஆறு வயதுப் பையனை அழைத்து வந்தார்கள். ராத்திரி கதை சொல்வதுண்டா என்று கேட்டேன். "உண்டே! பூர்வகுடிகளின் பொறுமைக் கதைகள், ஆடியோ வாங்கியிருக்கோம். நேரம் பத்தாதுன்னு ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட விடுவோம்" என்றார் அப்பா. கதை முடிந்ததும் "என்ன நீதி?" என்று ஒரு கேள்வி. "பொறுமையா இருக்கணும்" என்பான் பையன். உடனே விளக்கை அணைத்துவிடுவார்களாம்.

அரிசோனாவில் ஸ்பீச் தெரபிஸ்ட்டாக இருக்கிறேன். இங்குள்ள நம் ஆட்கள் வீடுகளில் இதே கூத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அந்த ஆடியோவில் இருந்தது இந்த ஊர்க் கதைதான். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டாவில் வாழும் நவஹோ பூர்வகுடி மக்களுடையது. அவர்கள் தங்களை டினே என்பார்கள். கதை இதுதான்: வானத்தில் விண்மீன்களை ஒவ்வொன்றாக, இடம் பார்த்துப் பதித்துக்கொண்டிருக்கிறார்கள். கயோட்டி என்ற, குள்ளநரி போன்ற விலங்குக்குப் பொறுக்கவில்லை. மிச்சம் இருந்த அத்தனையையும் அள்ளி வீசிவிடுகிறது. வானம் இப்படிச் சிதறிக் கிடப்பது அதனால்தான். பதிப்பது யார் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும்.

கயோட்டி கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். பாம்பும் கரடியும் உறங்கப் போன பிறகு ஆரம்பித்து, வசந்தத்தின் முதல் இடி கேட்டதும் நிறுத்திவிடுவார்கள். ஜூலையில் ஒரு பிள்ளை கேட்டால் பனிக்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். பொறுமைப் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது, கதையை இன்னும் வாயே திறக்கவில்லை! கதை நடக்கும்போது பிள்ளைகள் கயோட்டியைப் பார்த்துச் சிரிப்பார்கள். முடிந்ததும் பெரியவர்கள் பலர் நீதியைப் பிழிந்து கொடுப்பதில்லை. புரிகிறபோது புரியட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

நாம்தான் "என்ன நீதி?" என்று பிடித்துக்கொள்கிறோம். ஐயா, அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் என்பது பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பதிலைச் சொன்னால் விடுதலை என்பதும் தெரியும். அப்புறம் கதையை எதற்குக் கேட்க வேண்டும்? கடைசி வரி போதுமே. 'பொறுமை' என்ற சொல்லை வாயால் சொல்வது வேறு, பொறுத்திருப்பது வேறு. முதலாவதை மட்டும் தினமும் பழக்கிவிட்டு, இரண்டாவது வரவில்லை என்று என்னிடம் கூட்டி வருகிறீர்கள்.

பிள்ளையிடம் நேராகச் சொல்லிக்கொடுத்தால்தான் கவனிக்கும் என்பதும் இல்லை. குவாத்தமாலாவின் சான் பெத்ரோ ஊர் மாயா பூர்வகுடிப் பிள்ளைகளையும் அமெரிக்க நடுத்தர வர்க்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. ஒரு பிள்ளையின் உடன்பிறந்தவருக்கு ஒரு பொம்மை செய்யச் சொல்லித் தருவார்கள். இந்தப் பிள்ளை பக்கத்தில் சும்மா காத்திருக்க வேண்டும். காத்திருந்த மாயா பிள்ளைகள், தங்களிடம் யாருமே பேசாதபோதும் கூர்ந்து பார்த்தார்கள். பின்னால் அதையே செய்யச் சொன்னபோது அவர்களுக்கு உதவி குறைவாகவே தேவைப்பட்டது.

சரி, என்ன செய்யலாம்? ஆடியோவை நிறுத்துங்கள், நீங்களே சொல்லுங்கள். நடுவில் போனை எடுக்காதீர்கள். ஏதாவது கேட்டால் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். வகுப்பில் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று வினாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார். கயோட்டி கதையைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், டினே மக்களுடையது என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். பூர்வகுடி வேஷம் என்று தலையில் காகித இறகுக் கிரீடம் மாட்டி விடாதீர்கள், தயவுசெய்து.

இன்னொன்று. "காதில் வாங்க மாட்டேன்" என்கிற பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். சளி பிடித்து ஓய்ந்த பிறகும் வாரக்கணக்கில் நிற்கலாம், பெரும்பாலும் வலியே இருக்காது. கதை, பொறுமை எல்லாம் அப்புறம். முதலில் காது பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள்.