"குடிச்சா மட்டும்தான் டாக்டரம்மா"

போன வாரம் பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள், இடது முன்கை முறிவு, பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும்; சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் உடைந்திருந்தால், அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினாளோ என்று எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே சந்தேகம் வரும். தனியாகக் கேட்டதும் அழுதுவிட்டாள். வெளியே மாமியார் மெதுவாகச் சொன்னார்: "குடிச்சா மட்டும்தான் டாக்டரம்மா, மத்தபடி தங்கமான புள்ள."

ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடி என்று எல்லா ஊர்க்காரர் வாயிலும் இதைக் கேட்டுச் சலித்துவிட்டது. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் கண்டபடி திட்டுகிறாரே, அந்தத் தங்கமான புள்ள ஒருநாளாவது அவர்மேல் கை வைத்தானா? டாஸ்மாக்கில் பக்கத்தில் நிற்கிற ஆறடி ஆள் மேல்? வீடுவரை ஒழுங்காக வந்து, கதவைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, ரவிக்கைக்குள் மறைகிற இடமாகப் பார்த்து அடிக்கிறவனுக்குப் போதை எங்கே ஏறியது? குடி அடியைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர்களின் மனைவிகளும் என்னிடம் வருகிறார்கள். சின்ன வயதில் தங்கச்சியை அவன் அடித்தபோது 'அண்ணன்தானே' என்றோமே, அந்த உரிமையைத்தான் இன்னும் வைத்திருக்கிறான்.

நாமோ பெண்ணுக்குத்தான் புத்தி சொல்கிறோம். மகளிர் தினத்துக்குப் பேசக் கூப்பிட்டால் எதிரே முழுக்கப் பெண்கள்! அடுத்த முறை ஆண்களை உட்கார வையுங்கள், வருகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர்களே, 'குடும்ப விஷயம்' என்று ஜன்னலைச் சாத்தாதீர்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்கு (இதற்கென்றே அரசு நியமிக்கும் அதிகாரி) தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. அடி விழுந்துகொண்டிருக்கும்போதே என்றால் அவசர எண் 112.

பெற்றவர்களே, 'அனுசரிச்சுப் போ' என்று திருப்பி அனுப்பும் முன் தயவுசெய்து ஒன்று கேளுங்கள்: கழுத்தை நெரித்தானா? ஒரே முறை என்றாலும், வெளியே தடமே தெரியாவிட்டாலும், முதலில் ஆஸ்பத்திரி. உயிர் போகிற ஆபத்து அது. அப்புறம், வீடு அவன் பேரில் இருந்தாலும் இஷ்டத்துக்கு அவளை வெளியே தள்ள முடியாது, அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு.

பெண்களுக்கான உதவி எண்ணை நான் சீட்டில் எழுதித் தருவதில்லை, வீட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடும். மாவுக்கட்டு போடும்போதே சொல்லிக்கொடுத்தேன், "ஒன்னு எட்டு ஒன்னு" என்று இரண்டு முறை திருப்பிச் சொன்னாள். பீடி சுற்ற எத்தனை நாளாகும் என்று கேட்டாள். அடுத்த செக்கப்புக்கு மாமியார் இல்லாமல் வரச் சொல்லியிருக்கிறேன்.