வாங்கிய இரண்டாயிரம் பேரும் வாய் திறக்கவில்லை

ரோஸ்ஹில்லில் இருக்கும் என் அக்காள் மகள், மொரீசியஸ் ரூபாய் நோட்டில் அச்சாகியிருக்கும் தமிழ் எழுத்துகளைக் காட்டி, கிரியோலில் விளக்கும் சிறு காணொளிகளை வெளியிடத் தொடங்கினாள். வீட்டில் கிரியோல் பேசி, கோயிலில் மட்டும் தமிழ் கேட்கும் எங்கள் பிள்ளைகளின் கையில் தினமும் புரளும் தமிழ் அதுதான். முதல் மாதம் பின்தொடர நாற்பது பேர்கூடச் சேரவில்லை. பொறுமையிழந்தவள், காசு கொடுத்து இரண்டாயிரம் பேரைச் சேர்த்துக்கொண்டாள். அடுத்த காணொளிக்கு ஒரு மறுமொழிகூட வரவில்லை.

பின்தொடர்பவர் எல்லோருக்கும் நம் பதிவு போய்ச் சேர்வதில்லை. யார் திரையில் எது மேலே வர வேண்டும் என்பதை நிரல் ஒன்று மதிப்பெண் போட்டு முடிவுசெய்கிறது. இவர் இதை விரும்புவாரா, மறுமொழி எழுதுவாரா, பகிர்வாரா என்று அவருடைய பழைய நடத்தையிலிருந்து கணித்து, ஒவ்வொரு வாய்ப்பையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டுகிறது. எடைகளை நிறுவனங்கள் பொதுவாக வெளியே சொல்வதில்லை. ட்விட்டர் 2023இல் தன் நிரலின் ஒரு பகுதியை வெளியிட்டபோது அவை தெரியவந்தன: விருப்பத்துக்கு 0.5, மறுபகிர்வுக்கு 1, மறுமொழிக்கு 13.5, அந்த மறுமொழிக்குப் பதிவிட்டவரே எதிர்வினை காட்டினால் 75.

உடனே பலர், ‘பதிவிட்டவர் எதிர்வினை காட்டிய ஒரு மறுமொழி 150 விருப்பங்களுக்குச் சமம்’ என்று எழுதினார்கள். அது தவறான வாசிப்பு. மறுமொழி எழுதுவோர் மிகக் குறைவு. ஆகவே அதற்கான வாய்ப்பு எண்ணும் மிகச் சிறியது. எல்லா வகைச் செயல்களும் சராசரியாக ஏறக்குறைய ஒரே அளவு மதிப்பெண் தரும்படிதான் எடைகள் முதலில் வகுக்கப்பட்டன. எனவே பேசக்கூடியவர்கள் பின்தொடர்ந்தால்தான் அந்த 75க்கு வேலை உண்டு. விலைக்கு வந்த கணக்குகளின் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம்; பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

உண்மையான ஒருவர் பேசினால் இன்னொரு கதவும் திறக்கிறது. அப்போதைய ட்விட்டரில் ஒருவர் பார்த்த பதிவுகளில் சராசரியாகப் பாதி, அவர் பின்தொடராதவர்களுடையவை. அவற்றைத் தேட நிரல் கையாண்ட வழிகளில் ஒன்று, அவர் யாரையெல்லாம் பின்தொடர்கிறாரோ அவர்கள் எதில் ஈடுபட்டார்கள் என்று பார்ப்பது.

அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 14,341 பேருக்கு, யாரும் அறியாத 48 பாடல்கள் கேட்கத் தரப்பட்டன. மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்பதைப் பார்க்க முடிந்த எட்டுக் குழுக்களிலும் வெற்றிப் பாடல்கள் வெவ்வேறாக அமைந்தன. நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அரிது. நடுவில் இருந்தவை எங்கு வேண்டுமானாலும் போயின. முதல் மாதத்தின் நாற்பதைக் கண்டு மனம் உடைந்த பெண்ணிடம் நான் சொன்னது இதைத்தான்.

வாங்கிய கணக்குகளை ஒவ்வொன்றாக நீக்க அவளுக்குப் பல இரவுகள் ஆயின. பிறகு தைப்பூசம் வந்தது. காவடி முடிந்து வாழை இலையில் ஏழு கறி பரிமாறுவதைப் படமெடுத்துப் போட்டாள். ‘எங்கள் வீட்டில் பலாக்காய்க் கறி கட்டாயம்’ என்று காத்ர் போர்ன் என்ற ஊரிலிருந்து ஒருவர் எழுதினார். நன்றி என்று முடித்துக்கொள்ளாமல், ‘பால் ஒட்டாமல் எப்படி நறுக்குவீர்கள்?’ என்று கேட்டாள். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவ வேண்டும் என்றார் அவர். எந்த எண்ணெய் என்று இன்னொருவர் கேட்க, தன் பாட்டியின் எண்ணெய்க் கை படத்தை மூன்றாமவர் போட்டார். அன்றிரவு அவள் சாப்பாட்டு மேசையில் கைபேசியை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டினாள்.